இருநூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள்

நவம்பர் 11
20 வாரம்

ஸ்கேனுக்கு நடந்து போனேன். திரும்பி வரும்போது என்னை நாற்காலியில் உட்காரவைத்து என் கணவர் பூபதியும் வாட்ச்மேனும் இரண்டு மாடி தூக்கி வந்தார்கள். வாட்ச்மேனுக்குக் கீழ்வரிசையில் நான்கு பல் இல்லை. மூச்சு வாங்கியபோது விசில் அடித்தது. நான் பல் செய்கிறவள். லேபில் பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் வாய்க்குப் பல் கட்டிக் கட்டி, யாரைப் பார்த்தாலும் கண் முதலில் வாய்க்குத்தான் போகும்.

பதின்மூன்றாவது வாரத்திலேயே கர்ப்பப்பை வாயில் தையல் போட்டாயிற்று. "தையல் தாங்குதும்மா. ஆனா அதுக்கு மேல லேசா திறக்க ஆரம்பிச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "இனிமே படுக்கைதான். இடது பக்கம் ஒருக்களிச்சு. பாத்ரூமுக்கு மட்டும் எந்திரிக்கலாம். இருபத்தெட்டு வாரம் தாண்டிட்டா, வெளிய வந்தாலும் காப்பாத்திடலாம்னு தைரியமா சொல்லுவேன். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் நமக்கு லாபம்."

எட்டு வாரம். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செங்கல் வைத்துவிட்டார் பூபதி. கால் மேலே, தலை கீழே. இந்த நோட்டு லேபிலிருந்து கொண்டுவந்த ஆர்டர் நோட்டு. நோயாளி பெயர், பல் எண், நிறம் என்று கட்டம் போட்டிருக்கிறது. அதன் மேலேயே எழுதுகிறேன்.

நவம்பர் 13

கிணத்துக்கடவிலிருந்து அத்தை வந்துவிட்டார், மூன்று பையோடு. பூபதியின் அம்மா. இனிமேல் சமையல், என் குளியல், என் மாத்திரை எல்லாம் அவர் கையில். எனக்கும் அவருக்கும் சண்டை கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. அவர் மேல்வாயில் இருக்கும் செட்டு நான் கட்டிக்கொடுத்தது. நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை, ஆனால் அதை வைத்துத்தான் முறுக்கு கடிக்கிறார்.

"திரும்பிப் படுக்கறப்ப சொல்லு கண்ணு, நான் புடிச்சுக்கறேன்," என்றார். நானே திரும்பிக்கொள்வேன் என்றேன். வாசற்படியிலேயே நின்று நான் திரும்பி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபேனுக்கு மூன்று இறக்கை. எண்ணிவிட்டேன்.

நவம்பர் 15

பூபதி பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். விண்வெளிக் கப்பல். பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக வரும், நாமே வெட்டி ஒட்டிச் செய்துகொள்ள வேண்டும். ஜப்பான் சரக்கு. பெட்டி முழுக்க அவர்கள் எழுத்து, நல்லவேளை விளக்கமெல்லாம் படமாகவே இருக்கிறது. நாற்பது சென்டிமீட்டர் நீளம், சாம்பல் நிறம், பின்னால் மூன்று எஞ்சின், வயிற்றுப் பக்கம் வரிசை வரிசையாக ஜன்னல்.

"லைட்டும் போட்டுரலாம் அம்மிணி," என்றார் பூபதி. பம்புசெட் கம்பெனியில் வைண்டிங் செக்ஷன் சூப்பர்வைசர். ஒயர் என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். "உள்ள குட்டி எல்இடி வச்சா ஜன்னலெல்லாம் எரியும். நீ வெட்டு, நான் ஒயர் இழுக்கறேன்."

பெட்டிக்குள் பில் கிடந்தது. போன வருடம் ஜனவரி 19 என்று தேதி. அந்த மாதம் இந்த வீட்டில் ஆளாளுக்கு எதையாவது வாங்கிக்கொண்டிருந்தோம். நான் குழந்தைக்குச் சட்டை தைக்க மஞ்சள் துணி வாங்கினேன். இவர் இதை வாங்கியிருக்கிறார், என்னிடம் சொன்னதில்லை. பில்லை நான்காக மடித்துத் தலையணை உறைக்குள் செருகிவிட்டேன். குப்பையில் போட்டால் அத்தை பார்ப்பார்.

நவம்பர் 17

போனில் டாக்டரம்மாவைக் கேட்டதற்கு, வெட்டலாம், துளை போடலாம், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். பெயிண்ட், பசை, எந்த நெடியும் அந்த அறைக்குள் வரக்கூடாது என்றார். ஆக ஒட்டுவதும் பூசுவதும் பூபதி, மொட்டை மாடியில். வெட்டுவது நான், கட்டிலில்.

தலைப்பக்கம் சரிந்த கட்டிலில் வேலை செய்வதற்கு ஒரு தனிப் பயிற்சி வேண்டும். எதை வைத்தாலும் உருண்டு என் தாடைக்கு வந்து சேர்கிறது. இன்று ஒரு எஞ்சின் மூடி கழுத்துக்குள் போய்விட்டது. அத்தை வந்து எடுத்துக்கொடுத்துவிட்டு, "இதென்ன கண்ணு, மூடியாட்டம்?" என்றார். எஞ்சின் என்றேன். "சரி, முழுங்கிப்போடாத," என்றார்.

நவம்பர் 20

21 வாரம் 2 நாள். மழை. எதுவும் செய்யவில்லை.

நவம்பர் 21

21 வாரம் 3 நாள். முதல் குழந்தை இந்த நாளைப் பார்க்கவில்லை.

இரண்டாவது அதற்கும் இரண்டு வாரம் முன்னாலேயே போய்விட்டது, இந்த வருடம் பிப்ரவரியில். எழுதிவிட்டேன். இனி இதைப் பற்றி எழுதத் தேவையில்லை.

ஜன்னல் வேலையை ஆரம்பித்தேன். ஜன்னல்கள் வெறும் பள்ளமாகத்தான் வார்க்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் கையால் திருகும் குட்டி டிரில்லால் துளைக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் போடுவதில்லை என்று முடிவு. போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும், அப்புறம் ஃபேன் இறக்கைதான்.

நவம்பர் 27

இன்று என் தொழிலே என்னைக் கவிழ்த்தது. துளைகள் சுத்தமாக இருக்கட்டும் என்று கப்பலின் உள்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து மெல்லிசாக்கிவிட்டேன். பல்லின் நுனியை அப்படித்தான் தேய்ப்போம். வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போய் வர வேண்டும், இல்லாவிட்டால் பல் செத்த பல் மாதிரி தெரியும். கைக்கு அது பழகிவிட்டது.

சாயந்திரம் பூபதி உள்ளே ஒரு எல்இடியை வைத்து எரித்துக் காட்டினார். ஜன்னல் மட்டும் எரிய வேண்டியதற்கு, கப்பல் முழுக்க எரிந்தது. டார்ச்சு விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்தால் தெரியுமே, அந்தச் சிவப்பு. மெல்லிசான இடத்தில் கோடு கோடாக. அப்படி ஒரு தோலை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

"எடுங்க அதை," என்றேன்.

"ஏம்மிணி, சரிபண்ணிக்கலாமே..."

"எடுங்கன்னு சொல்றேனில்ல!"

அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். பூபதி எல்இடியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குத் தலை வலி என்று சொல்லிவிட்டேன். தலைகீழாகப் படுத்திருப்பவளுக்குத் தலை வலிக்காமல் வேறென்ன வலிக்கும்?

டிசம்பர் 1

சரிசெய்யும் வழி எனக்கே தெரியும். உலோகப் பல்லின் சாம்பல் நிறம் வெளியே தெரியாமலிருக்க, முதலில் வெளிச்சம் புகாத பூச்சு ஒன்று பூசிவிட்டுத்தான் மேல் வேலை. கப்பலுக்கும் அதேதான். உள்ளே கறுப்பு, அதன்மேல் வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தை வெளியே விடாது, வெள்ளை உள்ளேயே அதைச் சுழற்றிவிடும். பூபதி மாடிக்குப் போய் இரண்டையும் அடித்துவிட்டு, இரண்டு நாள் நெடி போகக் காயவைத்து எடுத்து வந்தார். அவர் முழங்கை வரை கறுப்பு.

இன்று எரித்தோம். ஜன்னல் மட்டும் எரிகிறது. அதுவரை போட்ட எண்பத்தாறு ஜன்னலும்.

டிசம்பர் 8

அத்தை தினசரி நாள்காட்டியை என் அறைக்குக் கொண்டுவந்து மாட்டினார். இருபத்தாறாம் தேதித் தாளை மடக்கி வைத்திருக்கிறார். சூரிய கிரகணம். கோயம்புத்தூரில் வளையமாகவே தெரியுமாம்.

"அன்னிக்குக் காத்தால எட்டு மணிலிருந்து இந்த ரூமை உட்டு நவுரக் கூடாது," என்றார்.

"நான் என்னைக்குங்கத்தை நவுந்தேன்?"

அவர் சிரிக்கவில்லை. "கத்தி, பிளேடு, ஊசி ஒண்ணையும் தொடக் கூடாது. எதையும் வெட்டக் கூடாது," என்றார். சரிங்கத்தை என்றேன். நான் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நிழல் விழுவதற்கும் என் வயிற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 11

நூற்று அறுபது ஜன்னல். வெளிச்சத்தை நுனிக்குக் கடத்தும் தலைமுடி அளவு ஃபைபர் இழைகள் வந்திருக்கின்றன. ஜன்னலுக்கு ஒன்று வீதம் உள்ளேயிருந்து செருகி வெளியே நீட்டிவிட்டு, பசை காய்ந்ததும் மட்டமாக நறுக்க வேண்டும். பசை வைப்பது மாடியில். ஒரு நாளைக்கு முப்பது இழை நான் செருகி அனுப்புகிறேன், மறுநாள் நறுக்க எனக்குத் திரும்பி வருகிறது. கப்பலாவது தினம் ஒரு தடவை மாடிக்குப் போய்வருகிறது.

டிசம்பர் 14

ரத்தம். கொஞ்சம்தான். ஆஸ்பத்திரி.

டிசம்பர் 17
25 வாரம் 1 நாள்

வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுபடியும் நாற்காலி, வாட்ச்மேன், விசில்.

தையல் அறுந்துபோகவில்லை. குழந்தையின் நுரையீரலுக்கென்று இரண்டு ஊசி போட்டார்கள். ஒருவேளை சீக்கிரம் வந்துவிட்டால் மூச்சு விடத் தெரிய வேண்டுமே. "இப்ப வந்தா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "இப்ப வரக் கூடாது," என்றார். "அசைவை மட்டும் எண்ணிக்கிட்டே இரு. குறைஞ்சா ஏதாவது இனிப்பாக் குடிச்சிட்டு ஒரு மணி நேரம் பாரு. அப்பவும் இல்லைன்னா உடனே வந்துடு."

காலை ஒன்பது மணிக்கு உதைக்கிறது. ஆபீஸ் போகிற ஆள் மாதிரி சொன்ன நேரத்துக்கு.

டிசம்பர் 20

எழுதாமல் இருந்தால் எழுதும்வரை தூங்க முடியாது போலிருக்கிறது.

போன வருடம் ஜனவரி 31, சந்திர கிரகணம். சாயந்திரம் ஆறரை. நான் லேபில் இருந்தேன். மறுநாள் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முன்பல் போயாக வேண்டும். அத்தை மத்தியானமே போன் பண்ணிச் சொல்லியிருந்தார், எதையும் வெட்டாதே என்று. நான் மெழுகை பிளேடால் வெட்டிக்கொண்டே, ஆமாங்கத்தை, ஆமாங்கத்தை என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னதும் நான்தான்.

சரியாக மூன்று வாரத்தில் முதல் குழந்தை போயிற்று. வார்டில் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. அத்தை தன் அக்காவிடம் போனில் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது. "கெரகணத்தன்னிக்கு பிளேடைப் புடிச்சிருக்கறா அக்கா. சொன்னாக் கேக்கோணுமில்ல?"

எனக்குக் கேட்டது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அது மூடத்தனம் என்று எனக்குத் தெரியும். கர்ப்பப்பை வாய் பலமில்லாததுதான் காரணம் என்று ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த ரிப்போர்ட் எனக்கு மனப்பாடம்.

டிசம்பர் 22

இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. எல்லா எல்இடியையும் பூபதி இன்று உள்ளே பொருத்திவிட்டார். சாதாரண ஒயர் தடிமன் என்று கம்பெனியிலிருந்து மோட்டார் வைண்டிங் ஒயரைக் கொண்டுவந்திருக்கிறார். நூல் மாதிரி இருக்கும், மேலே கண்ணுக்குத் தெரியாத இனாமல் பூச்சு. நுனியில் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்தால்தான் கரண்டு பாயும்.

எரித்துப் பார்த்தால் மூக்கு மட்டும் இருட்டு. பேட்டரிக்கு வரும் நுனிகளில் ஒன்றைச் சுரண்ட மறந்துவிட்டார். இருபது வருடமாக வைண்டிங் செக்ஷனில் இருக்கும் ஆள்! சிரித்துச் சிரித்து வயிறு இறுகி, பயந்து நிறுத்தினேன்.

"நீயே சொரண்டிரு அம்மிணி, பிளேடு உன்ற கிட்டத்தான இருக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பாதியையும் ஒட்டி மூடிரலாம். மூடிட்டா அப்பறம் தொறக்க முடியாது, பாத்துக்க."

டிசம்பர் 25

மூக்கு ஒயரைச் சுரண்ட இன்றும் நேரம் கிடைக்கவில்லை.

அத்தையின் அக்கா, கிணத்துக்கடவுப் பெரியத்தை, போன் பண்ணி அத்தையிடம் அரை மணி நேரம் பேசினார். அத்தை "ம்", "ம்" என்று மட்டும் சொன்னது கேட்டது.

டிசம்பர் 26
26 வாரம் 3 நாள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பூபதி ஏழரைக்கே கிளம்பிவிட்டார். கம்பெனியில் எல்லோரும் வெல்டிங் கண்ணாடி வழியாக வளையம் பார்க்கப் போகிறார்களாம். அத்தை எனக்கு ஏழு மணிக்கே இட்லி கொடுத்து முடித்தார். ஜன்னலில் இரண்டு போர்வையைக் கட்டினார். அடுக்களையில் பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திவிட்டு வந்து, "நின்னுருச்சு, கெரகணம் புடிச்சிருச்சு," என்றார். என் மேசையிலிருந்த பிளேடு, கத்தி, டிரில் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு உதைக்கவில்லை.

ஒன்பதே காலுக்கும் இல்லை. வெளியே காக்காய்ச் சத்தம் நின்றுவிட்டது. போர்வை ஓரத்தில் தெரிந்த வெளிச்சம் மங்கி, அறை குளிர்ந்த மாதிரி இருந்தது. ஒன்பதரை. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். இயற்பியல், தொண்ணூற்றாறு, ரிப்போர்ட், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்த மெழுகும் பிளேடும்தான் வந்தது.

"அத்தை, அசையலைங்க."

"எப்பலேருந்து?"

"ஒம்பதுலேருந்துங்க. இனிப்பாக் குடிக்கச் சொன்னாங்க டாக்டர். ஆனா இப்ப..."

கிரகணத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று விடிந்ததிலிருந்து நாலு தடவை சொன்னவர் அவர். எழுந்து போனார். சர்க்கரை கரண்டியில் இடிபடும் சத்தம் கேட்டது. ஒரு சொம்பு நிறையச் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து, என் தலையைத் தன் கையில் ஏந்திக் குடிக்க வைத்தார். தலைப்பக்கம் சரிந்த கட்டிலில் பாதி என் கழுத்தில் வழிந்தது.

"ஒரு மணி நேரம் பாக்கச் சொன்னாங்களா? பாக்கலாம். இல்லாட்டி கெரகணமாவது ஒண்ணாவது, ஆட்டோவைக் கூப்புட்டுப் போலாம்."

ஸ்டூலைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டார். சும்மா இருக்க முடியாமல் கப்பலின் பாதியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மூக்கு ஏன் எரியல?"

"அந்த நுனி சொரண்டலைங்கத்தை. பிளேடு வேணும்."

டப்பாவைத் திறந்து பிளேடை எடுத்தார். நான், பதினெட்டு நாளாக மனதுக்குள் அவரைக் கேலி செய்துகொண்டிருந்த நான், "அத்தை, வேண்டாங்க! இன்னிக்கு வேண்டாம்!" என்று கத்தினேன்.

"ஒண்ணும் ஆவாது." ஒயர் நுனியைப் பெருவிரலில் சுற்றி, பிளேடை லேசாகச் சாய்த்து, மூன்றே இழுப்பு. செம்பு பளிச்சென்று தெரிந்தது. பூபதி பள்ளிக்கூடம் போன காலத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே மோட்டார் கம்பெனிக்கு ஒயர் சுரண்டிக் கொடுத்திருக்கிறாராம். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இன்றுதான் எனக்குத் தெரியும்.

பிளேடைக் கீழே வைக்காமலேயே பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பூபதிக்கு முன்னால எனக்கொரு புள்ள. ஏழு மாசத்துல பொறந்தா. அந்த வருசமும் கெரகணம். இதேமாதிரி இருட்டு ரூமு. நீட்டி நிமுந்து படுத்திருந்தேன். வெட்டல, கிள்ளல. முதுகு அரிச்சுதுன்னு சொறியக்கூட இல்ல, கண்ணு. அப்படியும் ஆறு நாள்தான் இருந்தா."

வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப என்ற மாமியா என்னையச் சொன்னா. நீ சொறிஞ்சிருப்பே, தூக்கத்துல சொறிஞ்சிருப்பேன்னா."

அப்போதுதான் கேட்டேன். இரண்டு வருடமாக வாய்க்குள் வைத்திருந்தது. "அப்பறம் எதுக்குங்கத்தை என்னையச் சொன்னீங்க? வார்டுல, பெரியத்தைகிட்ட போன்ல. எனக்குக் கேட்டுதுங்க."

அத்தை பிளேடை டப்பாவில் போட்டு மூடினார்.

"யாரையாச்சும் சொல்லோணுமே கண்ணு. இல்லாட்டி சும்மாவே போச்சுன்னு ஆயிருமே. சும்மா எப்படிப் போவும்?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர் மேல், அவர் மாமியார் மேல், கல்யாணப் பெண்ணின் முன்பல் மேல். இரண்டு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தோடு படுத்து எழுந்திருக்கிறேன். நீங்கள் ஒன்றுமே தப்புச் செய்யாமல் உங்கள் பிள்ளை போனது தெரிந்தும், என் தலையில் தூக்கி வைத்தீர்களே என்று கேட்டேவிட்டேன். "தப்புத்தான்," என்றார் அத்தை. அவர் செட்டு நழுவிச் சொல் குழறியது. விரலால் தள்ளிச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை, "தப்புத்தான் கண்ணு," என்றார்.

பத்தேகாலுக்கு உதைத்தது. ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் சர்க்கரைத் தண்ணீர் வேலையைக் காட்டியது. அத்தையின் கையை இழுத்து வைத்தேன். அவர் வாய்விட்டே எண்ணினார். பதினொன்று வரை போயிற்று.

கிரகணம் விட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "சும்மா உக்காந்துட்டு என்ன பண்றது, எரியுதான்னு பாக்கலாமா?" என்று அவர்தான் கேட்டார். ட்யூப்லைட்டை அணைத்தார். பேட்டரியில் ஒயரை நான் பிடித்தேன், அவர் கப்பலின் இரண்டு பாதியையும் கையால் சேர்த்து மூடிக்கொண்டார். எல்லாம் எரிந்தது. மூக்கும். அத்தை ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஆளுக இருக்கறாங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன்.

டிசம்பர் 29

பூபதி மாடியில் வைத்துக் கப்பலை ஒட்டி மூடினார். அன்று நடந்ததை அவரிடம் சொன்னேன். தனக்கு ஓர் அக்கா இருந்ததே அவருக்குத் தெரியாது. அடுக்களைக்குப் போய் அத்தை பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜனவரி 6
28 வாரம்

டாக்டரம்மா போனில், "இப்ப நான் கொஞ்சம் தூங்குவேன்," என்றார். அடுத்த குறி முப்பத்திரண்டு என்றார். நான் எழுந்து உட்காரலாமா என்று கேட்டேன். கூடாது.

ஜனவரி 15

பொங்கல். மாடியில் பொங்கியதாகச் சொன்னார்கள். சத்தம் கேட்டது.

கப்பலுக்கு மேல்பூச்சு முடிந்து நெடியெல்லாம் போய் நேற்று அறைக்கு வந்துவிட்டது. கால்மாட்டு அலமாரியில் இருக்கிறது. சுவிட்சு என் கையில். நான்கு ஜன்னல் எரியவில்லை, பூபதி மூடும்போது இழை உருவியிருக்கிறது. திறக்க முடியாது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முடிந்துவிட்டதே என்று எரிச்சல் எரிச்சலாக வருகிறது. செய்ய வேறொன்றும் இல்லை. முதுகு தோல் உரிகிறது. இடுப்பு எலும்பு மெத்தையைத் தாண்டிப் பலகையில் படுவது போலிருக்கிறது. பக்கத்து வீட்டில் யாரோ படியில் ஓடி இறங்கும் சத்தம் கேட்டால் அவர்களைப் பிடித்து அறையலாம் போலத் தோன்றுகிறது.

ஜனவரி 24

அத்தையும் நானும் இப்போது பேசுகிறோம். சண்டையும் போடுகிறோம். இன்று ரசத்துக்கு. இன்னும் எனக்கு அவர் மேல் கோபம் முழுதாகப் போகவில்லை என்று அவரிடமே சொன்னேன். "இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார்.

ஜனவரி 31

31 வாரம் 4 நாள். இடுப்பு வலி. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. பூபதி வாட்ச்மேனைக் கூப்பிடப் போயிருக்கிறார்.

பிப்ரவரி 4

பெண். ஒரு கிலோ அறுநூறு. ஒன்றாம் தேதி விடியற்காலை தையலைப் பிரித்தார்கள், நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டாள். அழுதாள். பூனைக்குட்டி மாதிரிதான், ஆனால் அழுதாள். உடனே பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூக்கில் குழாய்.

நான் நடந்து போய் அவளைப் பார்த்தேன். எண்பத்திரண்டு நாள் கழித்து நடக்கிறேன், ஒரு கை சுவரில். யாரையும் பிடித்துக்கொள்ள விடவில்லை.

பிப்ரவரி 7

அத்தை தினமும் சோறு கொண்டுவருவார், கொடுத்துவிட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துகொள்வார். குழந்தையைக் கண்ணாடி வழியாகக்கூட வந்து பார்க்கவில்லை. நானும் பூபதியும் கூப்பிடவில்லை. இன்று ஏழாவது நாள். காலையிலேயே தலைக்குக் குளித்து, புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, "எங்க?" என்று கேட்டார்.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். இன்னும் குறைந்தது இரண்டு வாரம் இங்கேதான், ஆனால் அடுத்த அறைக்கு மாற்றுகிறார்கள், கொஞ்சம் தேறிய பிள்ளைகள் இருக்கும் அறை. வாசலில் ஒரு நர்ஸ் பெரிய நோட்டை வைத்துக்கொண்டு எழுதினார். அம்மா பெயர், அப்பா பெயர், எடை.

"மொதக் குழந்தைதானேம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுதவும் ஆரம்பித்தார்.

ஆமாம் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்லிவிடுவேன். சொன்னால் அடுத்த கேள்வி வராது. பூபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவதுங்க," என்றார் அத்தை.

நர்ஸ் நிமிர்ந்தார். "மத்த ரெண்டும் வீட்டுல இருக்காங்களா?"

"இல்லீங்க. ரெண்டும் தங்கல. ஆனா இவ மூணாவதுங்க. அப்படியே எழுதுங்க."

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். எழுதியிருந்த ஒன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் மூன்று என்று எழுதினார்.